ஸ்டியரிங்கில் கட்டிய சிவப்புத் துணி

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு ஆகியவை நான்கு நாட்களுக்கு முன்பு இதே நிலையத்தில் நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. அவற்றில் மாற்றம் இல்லை. வயது ஐம்பத்தொன்று. தொழில் கார் மெக்கானிக். என் மனைவியின் தம்பியும் நானும் கூட்டாக, ஏற்றச் சாலையின் உச்சியில் பதினாறு வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்தி வருகிறோம். எழுதப் படிக்கத் தெரியும். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை. இன்று காலை எட்டே முக்கால் மணிக்கு நானாகவே இருசக்கர வண்டியில் வந்து, இன்னொரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். அதிகாரி முதலில் இருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னார். உட்காரும் முன் தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள்.

முதல் வாக்குமூலத்தில் சொன்ன எதையும் மறுக்க நான் வரவில்லை. அதில் இரண்டரைப் பக்கம் இருக்கிறது. ஒரு வரிகூடப் பொய் இல்லை. நான்கு நாளாக நான் கண்ணை மூட முடியாமல் கிடந்ததற்குக் காரணமே அதுதான்.

பல் டாக்டர் என்று இதில் நான் சொல்பவர், எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு எதிர்வரிசையில் நான்கு கட்டடம் தள்ளி கிளினிக் வைத்திருக்கும் பெண்மணி. அவரிடம் இருபத்தொன்பது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. இரண்டே இருக்கை, பச்சை நிறம், முன்விளக்குகள் கண் திறப்பது போல மேலே எழும்பி வரும். அதனால் எங்கள் கடையில் அதற்குத் தவளை என்று பெயர். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது என்ஜின் சும்மா ஓடும் வேகத்தை நாங்கள் ஐட்லிங் என்போம். இந்த வண்டிக்கு அது நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் சுற்று இருக்க வேண்டும். இரண்டு மாதமாக இரண்டாயிரத்து இருநூறில் நின்றது. சிக்னலில் காலை எடுத்தாலும் வண்டி யாரோ மிதித்துக்கொண்டிருப்பது போலக் கத்தும். பல் துளைக்கிற மெஷினைவிட என் கார் சத்தத்துக்குத்தான் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் பயப்படுகிறார்கள் என்று டாக்டரே சொல்லிச் சிரித்தார். இரண்டு ஒர்க்‌ஷாப்பில் பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள். அதைக் கேட்டதும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. என் வாய்க்கொழுப்பு, ஐந்து நாளில் வாயை அடைத்துத் தருகிறேன் என்று சொன்னேன்.

முதல் நாள் ஆக்சிலரேட்டர் கேபிளைப் பார்த்தேன். தளர்வாகத்தான் இருந்தது, எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை. அதன்பிறகு என்ஜினுக்குள் காற்று போகும் கதவை நிறுத்தி வைக்கும் திருகைப் பார்த்தேன். முன்பு பார்த்த புண்ணியவான்கள் அதைக் கண்டபடி திருகி வைத்திருந்தார்கள், பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். சத்தம் குறையவில்லை. அதன்பிறகு ஐட்லிங் வால்வைக் கழற்றிக் கரி போகக் கழுவி மாட்டினேன். குறையவில்லை. நான்காம் நாள், என்ஜினின் சூட்டைப் பார்த்துச் சொல்லும் சென்சாரைச் சோதித்தேன். அது கெட்டுப்போனால், சூடான என்ஜினை இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து வண்டி தானாக வேகத்தைக் கூட்டும். சென்சார் நன்றாக இருந்தது. தண்ணீர்ப் பாதையில் காற்று அடைத்திருக்கிறதா என்று மேலே உள்ள சிறு திருகைத் திறந்து பார்த்து மூடினேன். அதைச் சரியாக இறுக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் கிழிந்து, கணக்கில் வராத காற்றை என்ஜின் உறிஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். என் மச்சான், எல்லா ஹோஸையும் ஒன்றாக மாற்றிவிடலாம் என்றான். நோயைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாமல் ஆளையே மாற்றுவதா என்று நான் சத்தம் போட்டேன். ஹோஸ் ஒவ்வொன்றாகக் கிளாம்ப் என்ற இடுக்கியைப் போட்டு நெரித்து, எதை நெரித்தால் சத்தம் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் என் வழக்கம்.

இந்த இடத்தில் எங்கள் கடையின் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழு வருடம் முன்பு என் மச்சான் ஒரு வேனை, தண்ணீர் ஹோஸில் போட்ட கிளாம்ப்பை எடுக்காமலே வெளியே அனுப்பிவிட்டான். வேன் பாதி வழியில் கொதித்து நின்றது, வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதன்பிறகு அவனே ஒரு சட்டம் போட்டான். எந்த வண்டியில் கிளாம்ப் போட்டாலும் முதலில் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி இருந்தால் வண்டி நகரக் கூடாது. கட்டியவரே அவிழ்க்க வேண்டும், அதுவும் கிளாம்ப் டிரேயில் விழுந்த பிறகு. சுவரில் பெயின்ட்டால் எழுதியும் வைத்தான். என் மனைவி பழைய ஜன்னல் திரையைக் கிழித்து, ஓரம் மடித்து, ஆறு துணி தைத்துக் கொடுத்தாள். நான் அவனைத் துணி மந்திரி என்று கேலி செய்வேன். ஆனால் நானும் கட்டாமல் இருந்ததில்லை. அந்தத் துணி இருந்ததால் நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசாத நாளிலும் வேலை தடையில்லாமல் நடந்தது. பேச வேண்டியதைத் துணி பேசிவிடும்.

சம்பவ நாளான செவ்வாய்க்கிழமையும் அப்படிப்பட்ட நாள்தான். முந்தைய மாலை டாக்டர் ஃபோனில் கேட்டதற்கு, நாளை பதினோரு மணிக்கு வந்து பாருங்கள் என்று மச்சான் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டான். காலையில் கடை திறந்ததும் அதற்காக அவனைக் கடித்துக் குதறினேன். அவன் டயர் மாற்றப் போய்விட்டான். அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பத்தரை மணிக்கு என்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கில் துணியைக் கட்டினேன். கட்டினேன் என்று முதல் வாக்குமூலத்திலும் சொல்லியிருக்கிறேன். அதன்பிறகு ஒவ்வொரு ஹோஸாக நெரித்தேன். ஐந்தாவது ஹோஸ், பிரேக்குக்குப் போவது. பிரேக்கை மிதிக்கும் காலுக்குப் பலம் சேர்க்க, பெடலுக்கு முன்னால் வட்டமாக ஒரு பெரிய டப்பா இருக்கும், பூஸ்டர் என்போம். என்ஜின் உறிஞ்சும் உறிஞ்சலில்தான் அது வேலை செய்கிறது. அந்த ஹோஸை என்ஜின் பக்கத்தில் நெரித்த உடனே சத்தம் இறங்கியது. இரண்டாயிரத்து இருநூறில் இருந்து முள் நேராகத் தொள்ளாயிரத்துக்கு வந்து நின்றது. ஹோஸை மறைத்திருந்த தகட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினேன், ஹோஸின் அடிப்பக்கம் நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. ஐந்து நாளாக என் மண்டைக்குள் கத்திக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போல இருந்தது.

கிளாம்ப் இருக்கும் வரை அந்த வண்டியில் பிரேக்குக்குப் பலம் கிடையாது. டப்பாவுக்குள் ஏற்கனவே உறிஞ்சி வைத்தது மூன்று மிதிக்கு வரும். அந்த மூன்று மிதியும் மெத்தென்று இறங்கும், எந்த வித்தியாசமும் தெரியாது. அதன்பிறகு பெடல் கல்லாகிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நேரத்தில், முந்தைய நாள் நான் சரியாக இறுக்காமல் விட்ட திருகில் இருந்து கொதிக்கும் தண்ணீர் என் இடது முழங்கைக்குக் கீழே பீய்ச்சி அடித்தது. காயத்தை அதிகாரியிடம் காட்டினேன். பின்வாங்கினேன், டிரைவர் பக்கக் கதவு திறந்திருந்தது. கைக்கு எட்டிய துணியை இழுத்துக் கையைத் துடைத்து, அதையே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் திருகை இறுக்கினேன். கைக்கு எட்டிய அந்தத் துணி ஸ்டியரிங்கில் கட்டியிருந்த சிவப்புத் துணி. ஒரு இழுப்பில் அவிழும்படிதான் நாங்கள் முடிச்சுப் போடுவோம். இழுத்தேன், வந்தது. துடைத்த பிறகு பேன்ட் பையில் திணித்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. ஆனால் செய்தது என் கை. இதை முதல் வாக்குமூலத்தில் நான் சொல்லவில்லை.

அதன்பிறகு, சூடு ஏறினாலும் ஐட்லிங் நிலைத்து நிற்கிறதா என்று பார்க்க நினைத்து, பானெட்டை மூடி, கதவைச் சாத்தி, என்ஜினை ஓடவிட்டபடியே, புது ஹோஸ் வாங்க இருசக்கர வண்டியில் கிளம்பினேன். உதிரிபாகக் கடை இறக்கத்தின் அடியில் இருக்கிறது. மச்சான் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். தவளையில் கிளாம்ப் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் முதலில் பேசட்டும் என்ற வீம்பில் போய்விட்டேன். துணிதான் இருக்கிறதே என்றும் நினைத்தேன். துணி என் தொடையில் உரசிக்கொண்டிருந்தது.

உதிரிபாகக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே, தவளை வாயை மூடிவிட்டதா என்று கேட்டார். ஐந்து நாள் என்றேன், ஐந்தே நாள் என்று பீற்றிக்கொண்டேன். ஹோஸை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுப்பதற்காகப் பேன்ட் பைக்குள் கைவிட்டேன். சிவப்புத் துணி வந்தது.

அந்தத் துணியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. மூடிய பானெட், ஓடும் என்ஜின், பூப்போல ஐட்லிங், வெறும் ஸ்டியரிங். பார்க்கிற யாருக்கும் அந்த வண்டி, தயார் என்னை எடுத்துப் போ என்று சொல்லும். கடைச் சுவரில் மணி பதினொன்று ஏழு. மச்சானுக்கு ஃபோன் செய்தேன். காலையில் இருந்து பேசாதவன், குரலில் சிரிப்போடு எடுத்தான்.

"மாமா, கலக்கிட்டீங்க. டாக்டரம்மா வந்து சத்தத்தைக் கேட்டுட்டு அப்படியே நின்னுட்டாங்க. இப்பதான் இறக்கத்துல ஒரு ரவுண்டு எடுத்துட்டுப் போறாங்க."

நிறுத்து என்று சொன்னேன். கேட்டைத் தாண்டிவிட்டார்கள் என்றான். பிரேக் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாக்காம அனுப்புவேனா? ஒரு மிதி மிதிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். மெத்துனு இருந்துச்சு."

நான் ஃபோனை வைத்துவிட்டேன். மூன்றில் ஒன்று போய்விட்டது. என் மச்சான் ஒழுங்காக வேலை செய்ததால் போனது. எங்கள் கேட்டை விட்டு இறங்கும்போது எல்லோரும் ஒரு முறை மிதிப்பார்கள், அது இரண்டு. பள்ளிக்கூடத்து முன்னால் வேகத்தடை, அது மூன்று. அதற்குக் கீழே ஒரு வளைவு, வளைவுக்குக் கீழே முக்கால் கிலோமீட்டர் நேர் இறக்கம், இறக்கத்தின் அடியில் பேருந்துகள் போகும் பெரிய சாலை. டாக்டரின் எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவர் ஃபோனைத் தொடமாட்டார் என்பது தெருவுக்கே தெரியும். ஹோஸைக் கடையிலேயே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

பெரிய சாலையைக் குறுக்கே கடந்து ஏற்றத்தில் திரும்பினேன். எங்கே பார்த்தாலும் பச்சையாகவே தெரிந்தது. ஒரு பச்சை ஆட்டோவைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டேன். மிதிக்கிறவருக்கு விஷயம் தெரிந்தால், இரண்டு காலையும் வைத்து ஏறி நின்று மிதித்தாவது வண்டியை நிறுத்திவிடலாம். தெரியாதவருக்குப் பெடல் கல்லாக இருந்தால் பிரேக்கே போய்விட்டது என்றுதான் தோன்றும், காலை எடுத்துவிடுவார்கள். டாக்டர் ஒடிசலான பெண். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டும் போனேன்.

இறக்கத்தின் பாதியில், மருந்துக்கடைக்கு எதிரே, தவளை வளைவைத் தாண்டி வருவதைப் பார்த்தேன். மெதுவாகத்தான் வந்தது. சத்தமே இல்லை. நான் வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு நடுச் சாலைக்கு ஓடி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். டாக்டர் என்னைப் பார்த்தார். சிரித்தார். ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து எனக்குக் கை காட்டினார். அவர் நன்றி சொல்வதை வாங்கிக்கொள்ள வந்து நிற்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என்னிடம் பேசுவதற்காக வண்டியை நிறுத்தப் பார்த்தார். அது நான்காவது மிதி. அவர் முகம் மாறியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்த முகத்தை நான் இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஒதுங்கினேன், வண்டி என்னைக் கடந்தது. மிதி, ஏறி மிதி என்று கத்தினேன். அவருக்குக் கேட்டிருக்காது. வண்டி வேகம் எடுத்தது. அடியில் ஒரு பேருந்து குறுக்கே வந்துகொண்டிருந்தது. அதன்பிறகு டாக்டர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, மரக்கடையின் வாசலில் அடுக்கியிருந்த பலகைகளில் மோதினார். பலகைக்குப் பக்கத்தில் நின்று சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் குதித்துத் தப்பினார். பலகைகள் சரிந்து பானெட்டின் மேல் விழுந்தன. முன்விளக்குகளில் ஒன்று மட்டும் மேலே எழும்பி நின்றது. என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, தொள்ளாயிரத்தில்.

நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். டாக்டருக்கு நெற்றியில் ரத்தம். வலது கை மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அதை இடது கையால் மடியில் ஏந்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சத்தம் நின்னுடுச்சே, அதான் சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

ஆம்புலன்ஸ் வரும் வரை பக்கத்தில் இருந்தேன். அந்த இடைவெளியில் பானெட்டைத் திறக்க இரண்டு முறை கை வைத்தேன். நசுங்கி இருந்ததால் திறக்கவில்லை. திறந்திருந்தால் கிளாம்ப்பை எடுத்துப் பைக்குள் போட்டிருப்பேன். அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.

அதன்பிறகு மச்சான் ஓடி வந்தான், அவனுக்குப் பின்னால் போலீஸ் வந்தது. மச்சான் முதலில் ஸ்டியரிங்கைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் மரக்கடையின் போர்டைப் பார்த்தேன். துணி இல்லை சார், அதனால்தான் கொடுத்தேன் என்று அவன் அதிகாரியிடம் சொன்னான். அதிகாரி என்னிடம், துணி கட்டினீர்களா என்று கேட்டார். கட்டினேன் என்றேன். வண்டியைக் கொடுக்கச் சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். உங்களைக் கேட்டுவிட்டுக் கொடுத்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் துணியை யார் அவிழ்த்தது என்று கேட்டார். நான் உதிரிபாகக் கடைக்குப் போய்விட்டேன் சார் என்றேன். எல்லாம் உண்மை. ஒவ்வொரு பதிலும் சொல்லும்போது பேன்ட் பையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு எங்கள் கடையில் தேடியபோது பெட்டியில் ஐந்து துணிதான் இருந்தது, ஆறாவது கிடைக்கவில்லை. மச்சான் தன் தப்பை மறைக்க அதை எங்கோ எறிந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் ஏறும்போது, கடையைப் பூட்டிட்டுப் போங்க மாமா, பின்கதவு திறந்திருக்கு என்று மட்டும் சொன்னான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று அதிகாரி கேட்டார். பயம். இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிடுவார்கள் என்று முதல் நாள் நினைத்தேன். அவன் வீட்டுக்கு வந்துவிடுவான், பிறகு அவனிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள், கோர்ட் உத்தரவோடு காவலில் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அதன்பிறகு வாயைத் திறந்தால் எனக்கு இரண்டு குற்றம் என்று ஆனது. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் கொல்லைக்குப் போனேன். துணியை எரிக்க நினைத்தேன், தைத்தவள் பக்கத்து அறையில் இருந்தாள். குப்பையில் போட நினைத்தேன், யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். கடைசியில் இருசக்கர வண்டியின் இருக்கைக்கு அடியில், மழைக் கோட்டுக்குள் சுருட்டி வைத்தேன்.

டாக்டருக்கு மணிக்கட்டில் மூன்று இடத்தில் எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். கை கூடும், ஆனால் பல் துளைக்கும் கருவியைப் பழையபடி பிடிக்க முடியுமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்களாம். என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நான் போகவில்லை.

என் மனைவி தினமும் மதியம் தன் தம்பிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு இங்கே வந்ததை அதிகாரியே பார்த்திருக்கிறார். என்னை வரச் சொல்லிக் கேட்கவில்லை. அவனுக்கும் அவளுக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம், தூக்கி வளர்த்த தம்பி. வெள்ளிக்கிழமை அவள் வழக்கமாகப் போகும் பேருந்து வரவில்லை என்று என் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் சாவியை எடுத்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து வண்டி இல்லாததைப் பார்த்ததும் ஈரத் துண்டோடு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். இருக்கைக்கு அடியில்தான் சாப்பாட்டுத் தூக்கை வைக்க இடம் உண்டு.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தாள். வண்டியை வாசலில் நிறுத்தினாள், உள்ளே வரவில்லை. இருக்கையைத் தூக்கினாள், மழைக் கோட்டைப் பிரித்தாள், துணியை எடுத்தாள். ஓரம் மடித்த தையலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். அதன்பிறகு அதை வண்டியின் ஹாண்டில்பாரில் கட்டினாள். எங்கள் கடையில் கட்டுகிற ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு இல்லை, மூன்று முடிச்சு. கட்டும் வரை என்னைப் பார்க்கவில்லை.

"அவன் கண்ணை அவனே நம்பமாட்டேங்கறான்" என்றாள். "துணி இருந்திருக்கும்க்கா, நான்தான் சரியாப் பாக்கல போல, மாமா கட்டினேன்னு சொன்னா கட்டியிருப்பாருன்னு சொல்றான். நாலு நாளா அதையே சொல்லிட்டிருக்கான்."

கையில் கொதிதண்ணீர் பட்டது, தெரியாமல் இழுத்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்கிட்ட சொல்லாதீங்க. கட்டினவங்கதான் அவுக்கணும்னு உங்க கடையில சட்டம். இதை நான் கட்டியிருக்கேன். அவன் வீட்டுக்கு வரட்டும், அவுக்கறேன்."

பிறகு உள்ளே போய்த் தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இரவு எனக்குச் சோறு போட்டாள். நான் விடியும் வரை ஜன்னல் வழியாக வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணி இருந்தால் வண்டி நகரக் கூடாது. ஏழு வருடத்தில் அந்தச் சட்டத்தை நான் தெரிந்தே மீறியது இன்று காலை ஒருமுறைதான், துணியோடு வண்டியை ஓட்டிக்கொண்டு இந்த நிலையத்துக்கு வந்தேன். வழியில் மருந்துக்கடைக்கு எதிரே நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வண்டி இந்த நிலையத்தின் வாசலில் நிற்கிறது. சம்பவத்தன்று ஸ்டியரிங்கில் நான் கட்டியதும், நானே இழுத்ததும், நீங்கள் தேடியதுமான ஆறாவது துணி அதன் ஹாண்டில்பாரில் இருக்கிறது. அதில் தண்ணீர்க் கறையும் என் தோல் ஒட்டிய இடமும் இருக்கின்றன. அதைச் சாட்சிப் பொருளாக எடுக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னார். நான் அதைத் தொடமாட்டேன். என் மனைவி பின்னாலேயே பேருந்தில் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் தம்பியை வெளியே விட்டால், அவளே அவிழ்த்துத் தருவாள். என் மச்சான் வெறும் ஸ்டியரிங்கைத்தான் பார்த்தான், அவன் பார்த்தது சரி. இதை அவன் காதில் படும்படி ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். முதல் வாக்குமூலத்தின் அடியில், மேலே கண்டவை யாவும் உண்மை என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அவை யாவும் உண்மைதான். இந்த முறை அந்த வரியோடு இன்னொரு வரியையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன்: மேலே கண்டவை யாவும் உண்மை, எதையும் விட்டுவிடவில்லை.

(கையொப்பம்)